கண்ணை மூடிச் சும்மா இருந்தவள்

பள்ளிப் பேருந்தின் சாவியை வெர்னா மெல்னிக்கிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை. மே மாதம் ஒரு காலை, சாலைச் சந்திப்பில் பேருந்தை நிறுத்தியவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். "போலாமா மிசஸ் மெல்னிக்?" என்று பின்னாலிருந்து ஒரு பிள்ளை கேட்டபோதுதான் அவளுக்கே தெரிந்தது. பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே பள்ளி அலுவலகத்துக்குப் போய்ச் சாவியை மேசைமேல் வைத்தாள்.

"தூக்கம் திரும்பி வந்தா செப்டம்பர்ல வாங்கிக்கிறேன்."

தூக்கம் அவளை விட்டுப் போய் வருஷக்கணக்காகியிருந்தது. கோடை வெளிச்சம் புகாமலிருக்கப் படுக்கையறை ஜன்னல்களில் அலுமினியத் தாள் ஒட்டி, எட்டு மணிக்கே படுத்துவிடுவாள். பிறகு விடியும்வரை காத்துக்கிடப்பாள்.

தூக்கமின்மைக்குத் தொலைபேசியிலேயே சிகிச்சை தரும் கோலீன் ஃபிரீசன் சாஸ்கடூன் நகரத்தில் இருந்தாள். வெர்னாவின் பண்ணையில் தானியக் குதிர்களுக்குப் பின்னாலுள்ள மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும். வாராவாரம் அவள் கணவன், மெட்ரோ என்று பெயர், அவளை வண்டியில் ஏற்றி அங்கே கொண்டுபோய் நிறுத்துவான். பேச்சு முழுக்க அவன் காதிலும் விழும்.

"பன்னெண்டு மணிக்கு முன்னாடி படுக்கவே கூடாது. தூங்கினாலும் தூங்காட்டியும் அஞ்சரைக்கு எழுந்துடணும். வண்டி மட்டும் ஓட்டாதீங்க," என்றாள் கோலீன்.

"பசின்னு வந்தவளோட தட்டைப் பிடுங்கற மாதிரி இருக்கே!"

"அதேதான். நல்லாப் பசிக்கட்டும்."

ஜூலை பாதி கழிந்தும் தூக்கம் வரவில்லை. மேட்டில் நின்ற வண்டியில் வெர்னா போனில் புலம்பினாள். "நீங்க சொன்னபடி பன்னெண்டு வரைக்கும் முழிச்சுதான் இருக்கேன். இனி எனக்குப் பஸ் இல்ல, அவ்வளவுதான்."

மெட்ரோவால் பொறுக்க முடியவில்லை. "முழிச்சிருந்தியா? சாப்பிட்டதும் என் சாய்வு நாற்காலில குறட்டை விட்டது பூனையா?"

"அது தூக்கமா? கண்ணை மூடிச் சும்மா இருந்தேன்!"

அந்த வட்டாரத்தில் எல்லாரும் சொல்வது அதுதான். சாப்பாட்டுக்குப் பின் நாற்காலியில் கண்மூடுவதை அங்கே யாரும் தூக்கக் கணக்கில் சேர்ப்பதில்லை.

போனில் கோலீன் சிரித்தாள். "எங்க அப்பாவும் குறட்டை விட்டுட்டு இதைத்தான் சொல்வார். பந்திக்கு முன்னாடியே பாதி வயித்தை ரொப்பிட்டா அப்புறம் எங்கேருந்து பசிக்கும் வெர்னா?"

அன்றே மெட்ரோ நாற்காலியை டிராக்டரில் தூக்கிக் கொட்டகைக்குக் கொண்டுபோனான். "மகாராணி ஊர்வலம் போறா, வழி விடு!" என்று கத்தினான். அதன் பிறகு இருவரும் இரவில் பன்னிரண்டு மணிவரை நின்றபடியே உருளைக்கிழங்கு அடைத்துப் பெரோகிக் கொழுக்கட்டை பிடித்தார்கள். உறைபெட்டி நிரம்பியது, அக்கம்பக்கத்தார் போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

ஒருநாள் காலை அலாரம் அடித்தது. அவளுக்கு முன்னால் அலாரம் விழித்தது வெகுகாலத்துக்குப் பிறகு அன்றுதான். வாசலுக்கு வந்தவள் திகைத்து நின்றாள். முற்றமெங்கும் தண்ணீர், ஒரு கிளை முறிந்து வேலிமேல் கிடந்தது.

"இடி விழுந்துச்சே, கேக்கல?" என்றான் மெட்ரோ.

குளிர்பதனப் பெட்டியின் முனகல்வரை இரவின் ஒவ்வொரு ஓசையையும் அறிந்தவள் அவள். வானமே இடிந்திருக்கிறது, அவள் அங்கே இல்லை. வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கி நின்றாள்.

"நடுவுல ஒண்ணுமே இல்ல மெட்ரோ," என்றாள் மெதுவாக. "படுத்தேன், விடிஞ்சிடுச்சு."

முகம்கூடப் பார்க்காத ஒருத்தி, ஒரு மாத்திரையும் தராமல், ஒரு நாற்காலியை மட்டும் எடுக்கவைத்து இதைச் செய்திருந்தாள். வெர்னா உள்ளே போய் ஜன்னல் தாளைக் கிழித்தாள். அப்புறமும் தூங்காத இரவுகள் வந்தன. ஆனால் குறைந்துகொண்டே போயின. கோலீன் படுக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாக முன்னுக்குக் கொண்டுவந்தாள். பகல் அசதியும் போன பிறகே வண்டி ஓட்டலாம் என்றாள்.

செப்டம்பருக்குள் அசதியும் போய்விட, சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அதே சந்திப்பில் பேருந்தை நிறுத்தி, வெர்னா கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். ஒரு சிறுமி ஜன்னலில் தலை சாய்த்து, வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். எவ்வளவு பெரிய காரியத்தை எவ்வளவு எளிதாகச் செய்கிறது இந்தக் குழந்தை! சிறுமி எழுந்துவிடாதபடி, வெர்னா மிக மெதுவாக வண்டியை நகர்த்தினாள்.