மேல் மணல்

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆனையூரில் ஒரு சமூகக்கூடத்து மொட்டைமாடியில் நாங்கள் மணல் அலசினோம். தண்ணீர் சரியில்லாத ஊர்ப் பள்ளிகளில் மணல் வடிகட்டி வைத்துக் கொடுப்பதற்கான பயிற்சி அது. நான் பள்ளி ஆசிரியை. கரும்பலகையைத் தவிர வேறெதையும் தேய்த்துப் பழக்கமில்லாதவள். எனக்கு ஜோடியாக வாய்த்தவர் வாடிப்பட்டியில் லேப் டெக்னீஷியனாக இருக்கும் ஓர் அக்கா. வெயிலில் நான் முனகும்போதெல்லாம், பிள்ளைகளை வேலை ஏவியே பழகிவிட்டீர்கள் என்று கேலி செய்வார்.

சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற பொறியாளர். கீழே ஜல்லி, அதன்மேல் பெருமணல், எல்லாவற்றுக்கும் மேலே பொடிமணல். தண்ணீர் விட விட அந்த மேல் மணலில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் படியும். கிருமிகளைத் தின்பது அவைதான். அடைகாக்கும் கோழியைப் போல அதைச் சும்மா விட்டுவிட வேண்டும், கிளறினால் எல்லாம் போச்சு என்று வாராவாரம் சொல்வார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எங்களுக்குச் சொல்ல வரும்.

ஒத்திகையும் உண்டு. ஒருவர் ஊர்க்காரராக நடித்து ஏடாகூடமாகக் கேள்வி கேட்க, மற்றவர்கள் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். "இதுல மோரை ஊத்துனா தெளிஞ்சு தண்ணியா வருமா?" என்று அக்கா முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு கேட்டதில் பொறியாளரே சிரித்துவிட்டார்.

மேலூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஓர் ஊர்தான் வேண்டும் என்று அக்கா பிடிவாதமாகக் கேட்டு வாங்கினார். அவருடைய அம்மா பிறந்த ஊர். அம்மா அங்கே அடுத்தவர் வயலில் வேலை பார்த்தவர். தாகமெடுத்தால் குனிந்து நிற்பார். யாராவது உயரத்திலிருந்து ஊற்ற, இரண்டு கையையும் ஏந்திக் குடிப்பார். அந்த ஊர்ப் பிள்ளைகள் தன் கையால் வைத்த தண்ணீரைக் குடிக்க வேண்டும் என்று அக்கா என்னிடம் மட்டும் சொன்னார்.

போனோம், வைத்தோம். மணல் முழுவதையும் அக்காவே போட்டார். ஊர்ப் பெரியவர் ஒருவர் அவரிடம் எந்த ஊர், யார் மகள் என்று விசாரித்தார். அக்கா மறைக்காமல் அம்மாவின் தெருவைச் சொன்னார். பெரியவர் தலையாட்டிவிட்டு எல்லாருக்கும் பேப்பர் கப்பில் டீ வரவழைத்தார். எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று வேனில் நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஒரு மாதம் கழித்து அங்கிருந்து சோதனைக்குத் தண்ணீர் வந்தது. கெட்ட தண்ணீராக இருந்தால் சோதனை பாட்டில் மறுநாள் கறுத்துவிடும். கறுத்துவிட்டது. அக்கா தன்னைத்தான் குறை சொன்னார். அவசரப்பட்டேன், மணலை இன்னும் நன்றாக அலசியிருக்க வேண்டும் என்று போனில் புலம்பினார்.

இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். மேல் மணல் கலைந்து கிடந்தது. வடிகட்டியின் விளிம்பில் மஞ்சள் கறை. சத்துணவு சமைக்கும் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். கோயிலில் காப்புக் கட்டுவதற்கு முன்னால், அக்கா கை பட்ட மணல் என்று எல்லாவற்றையும் வெளியே கொட்டி, மஞ்சள் தண்ணீர் விட்டு அலசி, திரும்பப் போட்டிருக்கிறார்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் டீச்சர், ஊர் வழக்கம் என்றார். திரும்பினால் பின்னால் அக்கா நின்றிருந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் பெரியவரை நாலு கேள்வி கேட்காமல் போவதில்லை என்று கிளம்பினேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீங்க போடுங்க டீச்சர். நான் தொடல. அப்பத்தான் கொட்ட மாட்டாக. பிள்ளைக நல்ல தண்ணி குடிக்கணும்ல."

அவர் வேப்பமரத்தடியில் தள்ளி நின்று சொல்லச் சொல்ல, நான் போட்டேன். வாராவாரம் மாடியில் மணல் அலசிய அந்தக் கைகள் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி சும்மா இருந்தன.

அடுத்த முறை பாட்டில் கறுக்கவில்லை. போனில் சொன்னேன். பிள்ளைகள் குடிக்கிறார்களா என்று கேட்டார். குடிக்கிறார்கள் என்றேன்.

"அது போதும் டீச்சர்" என்றார்.

எனக்குப் போதவில்லை. என் கை பட்ட அந்த மணலை இதுவரை யாரும் கழுவவில்லை.