உசுரு நிக்கும்

பேய், சகுனம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ராகு காலம் கழித்து ஆபரேஷன் வைக்கச் சொன்னவர்களிடம் சண்டையே போட்டிருக்கிறேன். மைசூரில் பல வருடங்களாக மயக்க மருந்து டாக்டர். எதற்கும் காரணம் இருக்கும் என்பதை நம்பித்தான் என் பிழைப்பே ஓடுகிறது. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நல்ல வெயில் நேரம். மைசூர் ஹெப்பாளில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த ஒருவனைக் கொண்டு வந்தார்கள். தாடை நொறுங்கி, கண்கள் வீங்கி மூடி, வாயெல்லாம் ரத்தம். கூட வந்த மேஸ்திரிக்கு அவன் பெயர் மாதேசன், ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் பக்கம், அன்றுதான் வேலைக்குச் சேர்ந்தான் என்பது தவிர ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் கேட்டதற்கு அவன் பதில் சொல்லவில்லை. தாடை உடைந்தவன் எப்படிச் சொல்வான்?

முகம் உடைந்தவர்களுக்கு மயக்கம் கொடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. தசையைத் தளர்த்தும் ஊசி போட்டால் உடம்பு துவண்டுவிடும், தொண்டைக்குள் குழாய் இறக்குவது எளிது. ஆனால் மூச்சு விடுகிற தசையும் சேர்ந்து ஓய்ந்துவிடும். குழாய் இறங்காவிட்டால், உடைந்த முகத்தில் மாஸ்க்கும் பொருந்தாது, காற்றை உள்ளே அனுப்ப வழியே இருக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் ரத்தம் புரையேறிக்கொண்டிருந்தது, இறக்கிவிடலாம் என்று என் கைமேல் எனக்கு நம்பிக்கை, ஊசியை எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி, நிதானமாக, "உசுரு நிக்கும்" என்று. உயிர் தங்கும், பிழைத்துக்கொள்வேன் என்கிறான் பாவம் என்று மனசுக்கு இதமாகத்தான் இருந்தது. அந்த வாயை வைத்துக்கொண்டு எப்படிச் சொன்னான் என்றுகூட யோசிக்கவில்லை.

நர்ஸ் ஷோபா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். நஞ்சன்கூட்டுப் பெண், தமிழ் தெரியாது.

"மேடம், பேட. உசிரு நில்லுத்தெ அந்தாரெ."

வேண்டாம் என்கிறாள். கன்னடத்தில் உசிரு என்றால் மூச்சு. மூச்சு நின்றுவிடும் என்று அவன் சொன்னதாக அவள் காதில் விழுந்திருக்கிறது. நம்பினால் நம்புங்கள், ஒரே குரல், அதே இரண்டு வார்த்தை. ஊசியைக் கீழே வைத்தேன். சர்ஜன் கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, அவன் தானாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே அங்கே துளையிட்டுக் குழாய் வைத்தார். தளர்த்தும் ஊசியெல்லாம் அதற்குப் பிறகுதான். வாயைத் திறந்து பார்த்தால் நாக்கின் அடி வீங்கித் தொண்டையையே அடைத்திருந்தது. முதலிலேயே ஊசி போட்டிருந்தால் நான் அவனைக் கொன்றிருப்பேன்.

வலியில் முனகியதை ஆளுக்கொரு விதமாகக் கேட்டிருக்கிறோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் அவன் அண்ணன் ஹனூரிலிருந்து வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அவன் பேசுனானுங்களா? பொறந்ததுல இருந்தே பேச்சில்லைங்க டாக்டரம்மா. காதும் கேக்காதுங்க."

கைஜாடையில் தம்பியிடம் கேட்டார். வீக்கம் வடிந்து ஒரு கண் மட்டும் திறந்திருந்தது. மாதேசன், பேசியது தான் இல்லையென்று கையை ஆட்டி, என்னைக் காட்டினான். பிறகு தன் காதைத் தொட்டான். அண்ணனுக்கு அழுகை வந்துவிட்டது.

"நீங்க என்னமோ சொன்னது அவனுக்குக் காதுல கேட்டுச்சாமுங்க. இத்தன வருசத்துல அது ஒண்ணுதானுங்களாம். இன்னொருக்கா சொல்லச் சொல்றானுங்க."

ஊசியை எடுத்த அந்த நேரத்தில் நான் எதுவுமே சொல்லவில்லை. ஷோபாவைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வாள். ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு எப்படி மறுப்பது? குனிந்து அவன் காதோரம் அதே இரண்டு வார்த்தையைச் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. நான் சொல்லி முடித்துவிட்டது தெரியாமல், அவன் காத்துக்கொண்டே இருந்தான்.