அவள் சுற்றாத காயில்

சகாயமேரி பாடி என்ற ஊரில், மின்விசிறி செய்யும் ஒரு கம்பெனியில் மோட்டாருக்கான செப்புக்கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவள். மகன் பத்தாவதுக்குப் போன பிறகும் அதே மிஷின், அதே ஸ்டூல். இடதுகைக்காரி என்பதால், சுற்றி முடித்த காயிலை நூலால் கட்டும்போது அவள் முடிச்சு மட்டும் எதிர்ப்பக்கமாக விழும். ‘பீச்சாங்கை முடிச்சு’ என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

தொண்ணூற்று மூன்றில் பொங்கல் லீவு முடிந்து போனால், மிஷின் இருந்த இடத்தில் வெறும் தரை. போல்ட் பிடுங்கிய ஓட்டைகளைச் சுற்றி எண்ணெய்க் கறை.

"சர்வீஸுக்குப் போயிருக்கும்மா," என்றார் சூப்பர்வைசர் மணவாளன், எங்கேயோ பார்த்தபடி. "நீ உக்காரு. சம்பளம் வரும்."

உட்கார்ந்தாள். பிறகு மற்ற மிஷின்களும் ஒவ்வொன்றாகப் போயின. காலி ஷெட்டில் பெண்கள் மட்டும் வரிசை மாறாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. பேசினால் தகரக்கூரை அதையே திருப்பிச் சொன்னது, பேச்சும் நின்றுபோயிற்று. வீட்டில் வலது கை சோறு பிசையும்போது மேரியின் இடது கை மடியில் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஒருநாள், விசிறியைப் பூட்டும் அசெம்பிளியில் வேலை பார்க்கும் வனஜா ஒரு காயிலை முந்தானையில் மறைத்து எடுத்துவந்தாள்.

"இன்னா மேரி, உனுக்கு மட்டும் தனியா வேல குடுக்கறாங்களா?"

"இன்னா வேல? இங்கதானே குந்திகினு கீறேன்."

"அப்ப இத யாரு கட்டுனது?"

மேரி வாங்கிப் பார்த்தாள். அவளுடைய முடிச்சு. நூலை நறுக்கிவிட்ட நீளம்கூட அவளுடையது. ஆனால் கம்பி புதுசு. எப்போதாவது வந்து சுற்றிவிட்டு மறந்துபோனேனா? கேட்க யாருமில்லை.

"எங்கேந்து வருது இது?"

"வெள்ளானூர் டெம்போல."

ஞாயிறு பூசை முடிந்ததும் வெள்ளானூர் போனாள். தெரு திரும்பும் முன்பே சத்தம் கேட்டது. அவள் மிஷினின் சத்தம்தான். பழைய கோழிப்பண்ணைக் கொட்டகை ஒன்றில் அது நின்றிருந்தது. கைப்பிடியில் கனகாம்பரம், காலடியில் கற்பூரம் எரிந்த கரி. இருபது வயதுப் பெண்ணொருத்தி இடது கையால் தடுமாறித் தடுமாறி நூல் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்த முடிச்சு யாரு கத்துக்குடுத்தா?"

பெண் திடுக்கிட்டாள். அவள் பெயர் புஷ்பா. "யாரும் இல்லக்கா. ஒரு காயில் குடுத்து, அச்சு அசலா இதே மாதிரி வேணும்னாங்க. அவுத்து அவுத்துப் பாத்தேன். பீச்சாங்கைல கட்னாதான் வருது."

"பூ எதுக்கு?"

புஷ்பா குரலைத் தாழ்த்தினாள். "இதுல குந்திகினு இருந்த அம்மா செத்துப்பூட்சாம். அதான் மிஷின் வெளிய வந்துச்சுன்னு இந்தக் கொட்டா ஓனர் சொன்னாரு. அது வேலய நான் செய்றேன்ல, கோச்சிக்கக் கூடாதுன்னு..."

மேரி நூலை எடுத்து, குனிந்துகூடப் பார்க்காமல் ஒரு காயிலைக் கட்டினாள். புஷ்பாவின் பார்வை முடிச்சிலிருந்து மெல்லக் கீழே இறங்கியது. மேரியின் கால் தரையில் படுகிறதா என்று பார்த்தது.

"சாவல," என்றாள் மேரி. சொல்லும்போது அவளுக்கே அவ்வளவு நிச்சயமாக இல்லை. "தொட்டுப் பாரு."

புஷ்பா தொட்டாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

மறுநாள் மணவாளன் முன்னால் போய் நின்றாள். "நான் செத்துட்டேன்னு யாரு சார் சொன்னது?"

இந்த முறை அவர் அவளை நேராகப் பார்த்தார். "நான் சொல்லலம்மா. வெளிய எவனோ சொல்லியிருக்கான். ஆனா வேலைய வெளிய குடுத்துட்டு செக்‌ஷன மூடறாங்க. எப்பன்னு எனக்கே தெரியாது. எனக்கும் சேத்துத்தான் வேல போகுது."

அந்த வருஷத்தில் அவள் கேட்ட முதல் உண்மை அது. அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினாள். மூடும்வரை காத்திருக்கவில்லை, தொழிற்பேட்டையில் ஒரு கார்மெண்ட்ஸில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். மழைக்காலத்துக்குள் பாடி ஷெட் பூட்டப்பட்டது.

அடுத்த கோடையில் புஷ்பா சேக்காட்டில் மேரி வீட்டுக்குத் தேடி வந்தாள். வேலையை அவளிடமிருந்தும் எடுத்து வேறெங்கோ கொடுத்துவிட்டார்கள். எங்கே என்று ஓனரும் சொல்லவில்லை.

மேரி அவளை கார்மெண்ட்ஸ் கேட்டுக்குக் கூட்டிப்போனாள். வாட்ச்மேனிடம், "என் தங்கச்சி," என்றாள்.

"இங்க எத்தினி நாளைக்குக்கா?" என்று கேட்டாள் புஷ்பா.

"தெரியாது. வா, சங்கு ஊதப் போவுது."