சந்திரமதி கேட்ட நான்கு நாட்கள்

சந்திரமதி என்ற பெயரை நான் முதலில் கேட்டதே வேலையை விடுகிற பேச்சில்தான். நாற்பது வருடம் இருக்கும். என் வீட்டுக்காரரின் அண்ணன் தன் மகன் கோவிந்தராசுவுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து, எங்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே சொன்னார். "பேரு சந்திரமதி. ஃபேக்டரி வேலைக்குப் போகுது. கல்யாணம் ஆனதும் நிப்பாட்டிடலாம்." குழாயை நிப்பாட்டுகிற மாதிரி சொன்னார். நானும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

நிப்பாட்டினார்கள். பதினைந்து வருடம் வீட்டில் கிடந்தாள். பிறகு கோவிந்தராசுவுக்கு நெஞ்சடைப்பு வந்து கப்பல் பட்டறை வேலை போனதும், அதே வாய்கள் "நீயாவது ஏதாவது பாரும்மா" என்றன. ஓர் ஆஸ்பத்திரியின் துணிக்கிடங்கில் சேர்ந்தாள். சலவையிலிருந்து வரும் விரிப்பு, போர்வை, நோயாளி உடுப்பு எல்லாவற்றையும் பிரித்து மடித்து வார்டுகளுக்கு அனுப்புகிற வேலை. இருபத்தைந்து வருடம். உட்லண்ட்ஸ் வீட்டிலிருந்து விடியும் முன்னே கிளம்பிவிடுவாள். ஒரே மகன் சுந்தரேசனைப் படிக்க வைத்தது அந்தச் சம்பளம். எங்கள் குடும்பத்தில் இது எல்லோருக்கும் தெரியும். ஒருத்தரும் வாய் திறந்து சொன்னதில்லை.

அறுபத்துமூன்று வயது நெருங்கியபோது, அவளுடைய மேற்பார்வையாளர் யும்னா ஒரு விண்ணப்பப் பாரம் கொடுத்தாள். ஓய்வு வயது வந்துவிட்டது, ஆனால் விருப்பமிருந்தால் தொடரலாம். முழு வாரமா, வாரத்துக்கு மூன்று நாளா என்று கட்டத்தில் குறித்துத் தர வேண்டும்.

சந்திரமதிக்கு மூன்று நாள்தான் வேண்டும். முழங்கால் இரண்டும் போய்விட்டன. தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போது என்னிடம் சொன்னாள்.

"மிச்சம் நாலு நாள் என்னடி செய்வே?"

"ஒண்ணும் செய்யமாட்டேன் சின்னத்தை. காலையில முழிச்சு, இன்னிக்கு யாரும் என்னைத் தேடமாட்டாங்கன்னு திரும்பிப் படுப்பேன். தோணுச்சுன்னா பஸ் ஏறி கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு, அதே பஸ்ல திரும்பி வருவேன்."

"பைத்தியம்!"

"ஆமா லா. நாலு நாள் பைத்தியம், மூணு நாள் தெளிவு. போதாதா?"

அந்த நாலு நாளைத்தான் தின்றார்கள்.

அந்த வருடம் கோவிந்தராசுவுக்கு எழுபது வயது. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் மண்டபம் பிடித்து பீமரத சாந்தி வைத்தார்கள். பத்திரிகை அடித்தது சுந்தரேசன். அவன் பத்திரிகைக் கட்டைக் கொண்டுவந்த அன்றைக்கு நானும் உட்லண்ட்ஸ் வீட்டில் இருந்தேன். பூசை நேரத்துக்குக் கீழே தடித்த எழுத்தில் போட்டிருந்தான்: 'பணி ஓய்வு பெறும் திருமதி சந்திரமதிக்குப் பொன்னாடை.' பாரம் இன்னும் அவள் கைப்பையிலேயே கிடக்கிறது. நம் ஜனத்தின் புத்தி இப்படித்தான். பத்திரிகையில் அச்சாகிவிட்டால் அது முடிவு. அப்புறம் மாற்றினால் அபசகுனம், ஊர் என்ன சொல்லும் என்று ஆரம்பிப்பார்கள்.

"யாரைக் கேட்டுடா இதைப் போட்டே?" என்றாள்.

"சர்ப்ரைஸ் மா. கால் வலிக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க? ரெஸ்ட் எடுங்க."

மருமகள் மோகனப்பிரியாவும் சேர்ந்துகொண்டாள். "பிள்ளைங்களோட இருந்தா உங்களுக்கும் பொழுது போகும் அத்தை. வீட்டு வேலைக்கு இருக்கிற ஹெல்பரை அடுத்த மாசம் ஊருக்கு அனுப்புறோம். டிக்கெட் கூட எடுத்தாச்சு."

"நான் வாரத்துக்கு மூணு நாள் போறதா இருக்கேன்."

"பரவால்ல லா. அந்த மூணு நாள் நாங்க சமாளிச்சுக்கிறோம். மத்த நாலு நாள் நீங்க செங்காங்ல எங்க வீட்டுக்கு வந்துடுங்க."

பெரிய தர்மம் செய்கிற மாதிரி சொன்னாள். கோவிந்தராசு டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "பேரப்பிள்ளைங்கதானே, என்ன கஷ்டம்?" என்றான். குடித்த டம்ளரைக் கழுவி வைக்கத் தெரியாத மனுஷன்.

ரெஸ்டாம் ரெஸ்ட்! ரெண்டு சின்னப் பிள்ளைகளைத் தூக்கி, ஊட்டி, கழுவி, ஓடிப் பிடிப்பதற்குப் பெயர் ஓய்வாம். துணிக்கிடங்கிலாவது தேத்தண்ணி நேரம் என்று ஒன்று உண்டு. ஷிஃப்ட் முடிந்தால் கதவைச் சாத்திவிட்டு வரலாம்.

சந்திரமதி கைப்பையைத் திறந்தாள். பாரத்தைப் பத்திரிகைக் கட்டின் மேலேயே விரித்து, 'முழு வாரம்' என்ற கட்டத்தில் குறித்தாள். அழுத்தின அழுத்தலில் காகிதம் கிழிந்தது.

"அம்மா, உங்க கால் என்னாகும்?"

"என் கால் எங்க போகணும்னு எனக்குத் தெரியும்."

நான் அவள் கையைப் பிடித்தேன். "ஆத்திரத்துல போடாதேடி. மூணு நாள்னு போட்டுட்டு, இவங்ககிட்ட முடியாதுன்னு சொல்லு."

"சொன்னா விடுவாங்களா சின்னத்தை? வீட்ல இருந்தா பிள்ளைங்களைக் கொண்டுவந்து வாசல்ல நிறுத்துவாங்க. அதுங்க மூஞ்சியப் பார்த்தா நான் கதவைத் திறந்துடுவேன். வேலைக்குப் போறேன்னு சொன்னா மட்டும்தான் இவங்க வாயை மூடுவாங்க."

பிடித்த கையை விட்டுவிட்டேன். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

மண்டபத்தில் மகன் பொன்னாடையை விரித்துக்கொண்டு நின்றான். அவள் தோளைக் கொடுக்கவில்லை. மைக்கை வாங்கி, "திங்கக்கிழமை எனக்குக் காலை ஷிஃப்ட். எல்லாரும் சாப்பிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பந்தியில் என் பக்கத்தில் இருந்த சம்பந்தியம்மா சரஸ்வதி, "சம்பாதிக்கிற கொழுப்பு" என்றாள். "உன் மக சம்பாதிக்கலையா?" என்று கேட்டேன். அப்புறம் அவள் பாயசத்தைத் தவிர எதற்கும் வாயைத் திறக்கவில்லை.

ஹெல்பரின் டிக்கெட்டை ரத்து செய்தார்கள். சுந்தரேசன் ஆறு மாதம் அம்மாவோடு சரியாகப் பேசவில்லை. போன வருடம் அவளுக்கு வலது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. விடுப்பு முடியும் முன்னாலேயே யும்னாவுக்கு ஃபோன் போட்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

இப்போது சந்திரமதிக்கு அறுபத்தைந்து வயது. வாரத்தில் ஐந்து நாளும் அதே ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில், காலை ஷிஃப்டில் இருக்கிறாள்.