கிணற்றுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள்

உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் யார் என்று யாராவது கேட்டால் நான் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பேன். பிடித்தவர்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் பெயர்தான் எனக்குத் தெரியாது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பழைய பேப்பரைக் கூழாக்கி அட்டை செய்கிற ஒரு ஆலையில் வேலை செய்கிறேன். பேப்பர் கட்டுக் கட்டாக லாரியில் வந்து இறங்கும். கட்டின் கம்பியை வெட்டிப் பிரித்துப் போடுவது என் வேலை. பிரித்ததிலிருந்து பிளாஸ்டிக், பின், துணி எல்லாவற்றையும் பெண்கள் பொறுக்கி எடுப்பார்கள். மிச்சம் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும். புத்தகத்தின் மேலட்டையில் ஒட்டியிருக்கும் பளபளப்புத் தாள் தண்ணீரில் கரையாது. முதுகில் தடவிய பசையும் லேசில் கரையாது. அதனால் பழைய பேப்பர் கடைக்காரர்களே அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டுத்தான் கட்டுப் போடுவார்கள். பிய்க்கும்போது முன்னால் கொஞ்சம் பக்கமும் பின்னால் கொஞ்சம் பக்கமும் கூடவே போய்விடும். எங்களிடம் வந்து சேரும் புத்தகத்துக்குப் பெயர் இருக்காது, எழுதியவர் இருக்கமாட்டார், முடிவும் இருக்காது.

"அண்ணா, கதப் பொஸ்தகம் ஒண்ணு வந்துகீது. இப்பவே கூழாக்கிடவா, நீ படிச்சப்புறம் ஆக்கட்டுமா?" என்று பொறுக்கும் பெண்களில் ஒருத்தி எப்போதும் கேட்பாள். வாங்கிப் பையில் வைத்துக்கொள்வேன். படித்து முடித்ததும் திரும்பக் கொண்டுவந்து போட்டுவிட வேண்டும். அதுதான் எங்கள் பகுதியில் பேச்சு. மேஸ்திரியும் அதைக் கண்டுகொள்வதில்லை.

ஐந்தாவதோடு நின்றவன் நான். மெதுவாகத்தான் படிப்பேன், உதடு அசையும். கொலைக் கதைகள் எனக்கு ஆகாது. கொலை செய்தவன் கிழிந்த பக்கத்தோடு தப்பித்துப் போய்விடுவான். ராஜா கதைகளில் ஆட்கள் அதிகம், யார் எந்தக் குதிரையில் போகிறார் என்று பிடிபடுவதில்லை. மனிதர்கள் என்ன சாப்பிட்டார்கள், என்ன வேலை செய்தார்கள் என்று சொல்கிற புத்தகம்தான் எனக்குப் பிடிக்கும். போன மாதம் படித்தது அப்படி ஒன்று. தையல் மிஷின் ரிப்பேர் செய்கிற ஒருவர் சைக்கிளில் ஊர் ஊராகப் போகிறார். எந்த வீட்டில் மிஷினைத் திறந்தாலும் உள்ளே கிடக்கும் நூலையும் பஞ்சையும் பார்த்து, அந்த வீட்டில் யாருக்குத் துணி தைத்தார்கள் என்று யோசிப்பார். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் கம்பெனி வேனில் என் நிறுத்தம் வந்தது தெரியாமல் படித்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் நான் யாரிடமும் பேசுவதில்லை. நாலு பேர் இருந்தால் எனக்கு வாய் வராது. வீட்டில் மனைவியிடம் மட்டும் பேசுவேன். எங்கள் வீடு பெரியபாளையத்தில். கோயிலுக்குப் பக்கத்துக் கடை ஒன்றுக்கு அவள் பூக்கட்டிக் கொடுக்கிறாள். எட்டாவது வரை படித்தவள், என்னைவிட வேகமாகப் படிப்பாள். ஆனால் கை இரண்டும் எப்போதும் பூவில் இருக்கும், காது மட்டும்தான் சும்மா இருக்கும். அந்தக் காது பல வருஷமாக என்னுடையதாக இருந்தது.

வேலை விட்டு வந்து டீ குடித்ததும் அன்று படித்ததைச் சொல்வேன். நல்ல இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு, "மிச்சம் நாளைக்கி" என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போவேன். "யோவ், அந்தப் பொண்ணு வண்டி ஏறுச்சா இல்லியா, அத மட்டும் சொல்லிட்டுப் போ" என்று கத்துவாள். எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் இருந்ததில்லை. புத்தகம் தீர்ந்து, முடிவு இல்லாத இடம் வந்ததும் இரண்டு பேருமாக உட்கார்ந்து முடிவு கட்டுவோம். அவள் எல்லோரையும் சேர்த்து வைப்பாள். நான் பிரித்துவிடுவேன்.

சண்டை தீராமல் போன புத்தகம் ஒன்றே ஒன்று. அதற்கு நாங்கள் வைத்த பெயர் கிணற்றுப் புத்தகம். அக்கா தங்கை இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கிணறு. பேச்சு நின்றுபோய், அக்கா காலையிலும் தங்கை சாயங்காலமும் தண்ணீர் எடுக்கிறார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பதில்லை. அக்காவுக்குக் காது மந்தமாகிக்கொண்டே வருகிறது. என்னிடம் இருக்கும் கடைசிப் பக்கத்தில், ஒரு நாள் தங்கை காலையிலேயே கிணற்றடிக்கு வந்து கயிற்றைக் கையில் எடுக்கிறாள். அதோடு கிழிந்திருக்கிறது. அக்காவுக்காகத் தண்ணீர் இறைக்க வந்தாள் என்பது என் மனைவியின் கட்சி. கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போக வந்தாள் என்பது என் கட்சி. கூழாக்காமல் நான் வீட்டில் வைத்துக்கொண்ட புத்தகம் அது ஒன்றுதான்.

போன ஆடிக்கு எங்கள் மகள் திருநின்றவூரிலிருந்து வந்தபோது அம்மாவுக்கு ஒரு போன் வாங்கி வந்தாள். கூடவே காதில் மாட்டும் இயர்போன். போனில் ஒருவர் தினமும் கதைப் புத்தகம் படிக்கிறார், பூக்கட்டும்போது கேள் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்த ஆள் யாரென்று எனக்குத் தெரியாது. குரல் மட்டும் தெரியும். வெதுவெதுப்பான குரல். எங்கேயும் தடுக்காது. புத்தகத்தின் பெயர், எழுதியவர் பெயர், அவர் பிறந்த ஊர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரு பக்கம் விடாமல் படிப்பார். அவரிடம் எல்லாப் புத்தகத்துக்கும் அட்டை இருந்தது.

தையல் மிஷின் கதையை நான் சொல்ல ஆரம்பித்த அன்று அவள் ஒரு காதில் அதை மாட்டியிருந்தாள்.

"அத எடுத்துட்டுக் கேளுமே."

"நீ சொல்லு. ஒரு காது உனக்குத்தான்."

சொன்னேன். ரிப்பேர்காரர் மிஷினைத் திறக்கிற இடத்தில் அவள் சிரித்தாள். அது சிரிக்கிற இடமே இல்லை. நான் நிறுத்திவிட்டேன். நிறுத்தியதை அவள் கவனிக்க ஒரு முழம் பூ ஆயிற்று.

"இன்னா, முடிஞ்சிடுச்சா?"

"ம்."

எனக்கு வயிறு எரிந்தது. இந்த வயதில் இப்படி எரியும் என்று நான் நினைத்ததில்லை. அவள் வேறு எவனையாவது பார்த்துச் சிரித்திருந்தால் கூட நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஒரு புத்தகம் படிக்கிறவரை என்னவென்று கேட்பது?

"மூக்கால பேசுறான் அந்த ஆளு" என்றேன்.

"மூக்காலல்லாம் இல்ல. அவருக்கு ரெண்டு நாளா சளி. நேத்தே சொன்னாரு."

அவருக்குச் சளி பிடித்தது கூட இவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வாரம் எனக்கும் இருமல் இருந்தது.

நானும் நன்றாகச் சொல்லிப் பழகலாம் என்று முடிவு செய்தேன். கூழ் அரைக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றால் சத்தத்தில் நாம் பேசுவது நமக்கே கேட்காது. அங்கே நின்று ரிப்பேர்காரர் போலவும், வீட்டுக்காரப் பெண் போலவும் மாற்றி மாற்றிப் பேசிப் பார்த்தேன். திரும்பினால் பொறுக்கும் பெண்கள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணனுக்கு யாராச்சும் வேப்பல அடிக்கணும்" என்றாள் ஒருத்தி.

"சும்மா இருமே. அண்ணிகிட்ட பேச ரிகர்சல் பாக்குது போல" என்றாள் எனக்குப் புத்தகம் எடுத்துத் தருகிறவள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எனக்கு முகம் சுட்டது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது மனைவி பூவை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் கை சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை.

"யோவ், நம்ம கிணத்துப் பொஸ்தகம்."

"அதுக்கு இன்னா?"

"அவரு படிக்கிறாரு. மொதல்ல எனக்குத் தெரியல. ராட்டினம் ஆட்டுக்குட்டி மாதிரி கத்துற எடம் வந்துச்சி பாரு, அப்பதான் தெரிஞ்சிது. அதுக்குப் பேரு இன்னான்னா..."

"பேரச் சொல்லாத."

அவள் என்னைப் பார்த்தாள்.

"கடசி வரைக்கும் கேட்டியா?" என்றேன்.

"கேட்டுட்டேன். நிறுத்த முடில."

டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். நாங்கள் சண்டை போட்ட புத்தகம், நான் கூழாக்காமல் காப்பாற்றி வைத்த புத்தகம். அதன் கடைசிப் பக்கத்துக்கு அவள் அந்த ஆளோடு போயிருக்கிறாள், என்னை விட்டுவிட்டு. தங்கை தண்ணீர் இறைத்தாளா, கயிற்றை அவிழ்த்தாளா என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்டால் அந்த ஆளிடம் தோற்றது போல ஆகிவிடும் என்று விழுங்கிக்கொண்டேன்.

அவளும் விடவில்லை. சாப்பாடு போடும்போது, "கேக்கமாட்டியா?" என்பாள்.

"எனக்கு இன்னாத்துக்கு."

"சரி, பேஜாரு புடிச்ச மனுசன்" என்று ரசத்தை ஊற்றிவிட்டுப் போவாள்.

பிறகு ஒரு நாள், வேனில் உட்கார்ந்திருந்தபோது என் போனுக்கு அந்த ஆள் படித்த கிணற்றுக் கதையை அனுப்பி வைத்தாள். திறந்தால் ஒரு கிணற்றின் படம், ஓரத்தில் அந்த ஆளின் போட்டோ. கண்ணாடி போட்ட, ஒல்லியான, வழுக்கை விழ ஆரம்பித்த ஆள். பின்னால் சுவரில் ஒரு தினசரி காலண்டர், எங்கள் வீட்டில் தொங்குவது போல. இவரிடமா நான் பொறாமைப்பட்டேன் என்று ஆறுதலாக இருக்கும் என நினைத்தேன். இல்லை, இன்னும் அதிகமாயிற்று. என்னைப் போலவே ஒரு ஆள், ஆனால் வாய் வருகிறது. அமுக்கினால் போதும், முடிவு தெரிந்துவிடும். கவரைப்பேட்டை தாண்டும்வரை விரலை வைத்துக்கொண்டே இருந்தேன். அவர் வாயால் அது எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் டீ குடித்துவிட்டு, "சொல்லு" என்றேன்.

"எத?"

"கிணறு."

அவள் சிரிக்கவில்லை. அது எனக்கு நல்லதாகப் போயிற்று. "முடிவ மட்டும் தனியா சொல்லமாட்டேன். மொதல் நாலு பக்கமும் உனுக்குத் தெரியாதில்ல? அங்கேருந்து வரேன். இந்தா, இதப் புடி" என்று பூவையும் நாரையும் என் மடியில் தள்ளினாள். சொல்வதற்கு அவளுக்குக் கை இரண்டும் வேண்டியிருந்தது.

அக்காவும் தங்கையும் ஏன் பேச்சை நிறுத்தினார்கள் என்று இத்தனை வருஷம் கழித்து எனக்குத் தெரிந்தது. என் மனைவி கதையில் வரும் அக்காவைப் போலக் காதில் கையைக் குவித்து வைத்தாள். ராட்டினத்தைப் போலக் கத்தினாள், தெருவில் போன ஆள் நின்று பார்த்தார். நான் ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்லை. அந்த ஆளும் இப்படிச் சொல்லியிருக்கமாட்டார். இவ்வளவு நாள் இந்த வாயை வைத்துக்கொண்டு என் கதையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாளே என்று நினைத்தபோது, அதுவரை அந்த ஆள்மேல் இருந்த எரிச்சல் அப்படியே அவள் பக்கம் திரும்பியது. நான் கட்டிய கண்ணிகள் எல்லாம் அவிழ்ந்து மடியில் விழுந்துகொண்டிருந்தன.

அக்காவும் தங்கையும் காலை, சாயங்காலம் என்று நேரம் பிரித்துக்கொள்கிற இடத்தில் என் மனைவி எழுந்துவிட்டாள். நான் கட்டியதைத் தூக்கிப் பார்த்தாள்.

"இத எவன் வாங்குவான்" என்றாள். பிறகு, "மிச்சம் நாளைக்கி" என்று அடுப்புப் பக்கம் போனாள்.

இன்னும் நடுவில்தான் இருக்கிறோம். அவள் அவசரப்படுவதாக இல்லை. முடிவு அவளுக்குத் தெரியும், அந்த ஆளுக்குத் தெரியும், கேட்டவர்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. காலையில் வேனில் போகும்போது போனை எடுத்துத் திறந்து பார்க்கிறேன். கிணறு இருக்கிறது, ஓரத்தில் அவர் இருக்கிறார். அமுக்குவதில்லை. சாயங்காலம் ஆகட்டும் என்று உள்ளே போட்டுக்கொள்கிறேன்.