பெரிய கிழமையில் வந்த ஆட்டம்

என் மனைவியின் குரலை வெளியூருக்குத் தெரியவைத்தது பெரிய வெள்ளிப் புலம்பல்தான். ஆலங்குடாப் பக்கத்திலுள்ள எங்கள் கோயிலில் அவள் ஆண்டவரின் பாடுகளைப் பாடியதைக் கேட்ட ஒருவர், கொழும்புக்கு அழைத்துப்போய் வானொலியில் பாடவைத்தார். பிறகு தொலைக்காட்சி. சின்ன வயதில் பழகிய நடனம் இருந்ததால் ஆடவும் கூப்பிட்டார்கள். இரண்டு தொடர் நாடகங்களிலும் வந்தாள். நான் கருவாட்டு வியாபாரி. படப்பிடிப்பு நாட்களில் பாலாவியில் அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து பிள்ளைகளுக்குச் சோறாக்குவேன். எவ்வளவு ஓட்டம் இருந்தாலும் புலம்பலை அவள் ஒரு வருடமும் விட்டதில்லை. குரலைத் தந்த ஆண்டவருக்கு அது காணிக்கை.

தவக்காலம் தொடங்கினால் சலங்கை அலுமாரிக்குள் போய்விடும். கோயிலில் புனிதர்களின் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடும்போது நாங்கள் வீட்டுத் தொலைக்காட்சியையும் மூடிவிடுவோம்.

ஒரு வருடம், தை மாதத்தில் அவள் ஆடிக்கொடுத்த பாட்டைப் உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய பெரிய கிழமையில், புதன் மாலை ஒளிபரப்பிவிட்டார்கள். அந்த நேரம் நாங்கள் கோயிலில் சிலுவைப்பாதைச் செபத்தில் நின்றோம். மறுநாள் காலை கோயில் மூப்பர் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

“தங்கச்சி, நாளைக்குப் புலம்பல வேற ஆரும் பாடட்டும். சனம் கதைக்குது.”

“என்ன கதை அண்ணே?”

“பெரிய கிழமையில ஆடினவள் ஆண்டவருக்கு முன்னால என்னெண்டு அழுவாள் எண்டு.”

“நான் ஆடினது தையில.”

“சனம் கண்டது நேற்றுத்தானே.”

அவர் போனதும் அவள் செபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் போய் மூப்பரோடு கதைக்கவா என்று கேட்டேன்.

“வேணாம். பின்னேரம் பாட்டுப் பழகுற இடத்துக்குப் போவம். பாடாட்டியும் கேட்டுக்கொண்டு இருக்கலாம்தானே.”

போனோம். கடைசி வாங்குப் பலகையில் இருந்தாள். எங்கள் அடுத்த வீட்டில் மீன் விற்கிற அக்கா எழும்பினார்.

“மூப்பர், நேற்றுச் சிலுவைப்பாதையில என்ர பக்கத்துல முழந்தாளில நிண்டது ஆர்?”

“இவதான்.”

“அந்த நேரந்தானே டீவியில ஆடினது? ஒரே நேரத்தில ரெண்டு இடத்துல நிண்டவர் அந்தோனியார் ஒருத்தர்தான். இவளும் அப்பிடியெண்டால் இவளுக்கும் ஒரு சுரூபம் வைப்பம்.”

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மூப்பர் சிரிக்கவில்லை. பாட்டுப் புத்தகத்தை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

“முன்னுக்கு வாங்க தங்கச்சி” என்றார்.

பெரிய வெள்ளியன்று அவள்தான் பாடினாள். எப்போதும்போல எனக்கு அழுகை வந்தது.

உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்து வரும்போது அந்த அக்கா கூடவே நடந்துவந்து என் மனைவியிடம் மெல்லச் சொன்னார்.

“நேற்றுப் பெரிய சனியெண்டும் பாராமல் உன்ர ஆட்டத்தத் திருப்பிப் போட்டவங்கள். பார்த்துப்போட்டன். இனிப் பாவசங்கீர்த்தனத்தில சொல்லவேணும்.”

“எப்பிடி இருந்தது?”

“அதையும் சாமியாரிட்டத்தான் சொல்லுவன். நல்லாத்தான் ஆடியிருக்கிறாய்.”

“நான் இன்னும் பார்க்கல்ல அக்கா.”

வீட்டுக்கு வந்ததும் தொலைக்காட்சியின் துணியை எடுத்து மடித்து வைத்தாள். இப்போது யார் ஆடக் கூப்பிட்டாலும், எப்போது போடுவீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறாள்.