வெங்காயத்தைக் காப்பாற்றிய தெரு

எங்கள் தெருவுக்கு மூளை கொஞ்சம் கம்மி. கோபத்தில் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஓட்டல் தீப்பிடித்து எரியும்போது உள்ளே ஓடி, ஃபிரிட்ஜை விட்டுவிட்டு, கிரைண்டரை விட்டுவிட்டு, அட்டைப் பெட்டியைக்கூடப் பிரிக்காத புது மிக்சியையும் விட்டுவிட்டு, வெங்காய மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த தெரு உலகத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி என்பதால் யாரையும் திட்டவும் முடியவில்லை.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற குறுகலான தெரு அது. ஒரு பக்கம் என் ஜெராக்ஸ் கடை. நேர் எதிரே அந்த இட்லிக் கடை. பெயர்ப் பலகை கிடையாது. "அக்கா கடை" என்றால் அரியலூர் பஸ் கண்டக்டர்கூட வழி சொல்வார். கடைக்காரி என்னைவிடப் பதினைந்து வயது பெரியவள். அவளைவிடப் பெரியவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. உட்கார்ந்தவுடன் தண்ணீர் வராது, முறத்தில் சின்ன வெங்காயம் வரும். எங்கள் சீமையில் அதற்குப் பஞ்சமே இல்லை. அக்கா சாம்பாரில் பருப்பு எவ்வளவோ அவ்வளவு வெங்காயம் போடுவாள். அத்தனையையும் ஒருத்தியாக உட்கார்ந்து உரித்தால் காலை டிபன் சாயங்காலம்தான் ஆகும். அதனால் சாப்பிட வந்தவர்கள் ஆளுக்கு ஒரு கை உரிக்க வேண்டும். உரித்தால்தான் இட்லி. கோர்ட்டுக்குப் போகிற வக்கீல் உரிப்பார். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போக பஸ் மாறுகிற குடும்பம் வரிசையாக உட்கார்ந்து உரிக்கும். ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்க்க வந்த காலேஜ் பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டே உரித்து, அதையும் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள்.

நான் கடை போட்ட முதல் நாள் காலையில் பசியோடு போய் உட்கார்ந்தேன். முறம் வந்தது. எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"சாப்புட வந்தவள வெங்காயம் உரிக்கச் சொல்றீங்களே, நல்லாருக்கா இது?"

"உரிக்காட்டிப் போவுது தாயி. சாம்பார் இல்லாம வெறும் இட்லியத் தின்னுட்டுப் போ. உடம்புக்கு நல்லது" என்றாள் அக்கா.

பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தாலுகா ஆபீசில் இருந்து ரிட்டையர் ஆனவர். தெருவில் எல்லாருக்கும் அவர் 'சார்'. தலை நிமிராமலே சொன்னார்: "உரிச்சுடும்மா. சர்வீஸ்ல இருந்தவரைக்கும் நான் யாருக்கும் அசைஞ்சு குடுத்ததில்ல. இங்க தெனம் உரிக்கிறேன்."

உரித்தேன். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. ஆனால் பத்து நிமிடத்தில் சாருக்கு மூட்டுவலி இருப்பது, எதிர் வரிசைக்காரர் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவது, மார்க்கெட்டில் எந்தக் கடையில் எடை சரியாக இருக்கும் என்பது எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. வெங்காயம் உரிக்கிறவர்களால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. ஒருவரையும் தெரியாமல் அந்த ஊருக்கு வந்தவள் நான். ஒரு மாதத்தில் தெருவே சொந்தமாகிவிட்டது. அதற்கப்புறம் என் வீட்டு அடுப்பில் காலை டிபன் என்று ஒன்று ஏறியதே இல்லை. என் வீட்டுக்காரர் அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டுகிறார். "எம் பொண்டாட்டிக்குப் பால் காய்ச்சத் தெரியும், அதுலயும் பாதி நாளு பொங்கிப் போயிடும்" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். மனுஷனுக்கு வாய் மட்டும் குறைச்சல் இல்லை.

அக்காவின் புருஷன் இறந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். தங்கமான பிள்ளை. அதுதான் எங்களுக்குத் தொல்லை. பொறுப்பில்லாத பிள்ளையாக இருந்தால் சும்மா விட்டிருப்பான். இவன் வாரம் தவறாமல் போன் பண்ணி, "போதும்மா, வந்துடு" என்பான். அவளும் வாரம் தவறாமல், "கடையைப் போட்டுட்டு எப்படிடா வரது?" என்பாள். அந்த ஒரு பதிலை நம்பித்தான் நாங்கள் இருந்தோம்.

ஆடி மாதம், மத்தியானம் மூன்று மணி இருக்கும். கடையில் ஆள் இல்லாத நேரம். பின்பக்கக் கீற்றுக் கொட்டகையில் இருந்த விறகு அடுப்பை அணைத்துவிட்டு அக்கா என் கடைக்கு வந்து, ஃபேனுக்கு அடியில் காலை நீட்டியிருந்தாள். அணைத்த அடுப்பில் ஒரு கங்கு மிச்சம் இருந்திருக்கிறது. ஆடிக் காற்றுக்கு அது போதாதா? முதலில் என் கண்ணில்தான் பட்டது. ஓட்டுக்கு மேலே புகை. அப்புறம் பின்பக்கக் கீற்று முழுவதும் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது.

"அய்யய்யோ, அக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே வெளியே வந்தது.

யாரோ கேஸ் சிலிண்டரை உருட்டி வெளியே தள்ளினார்கள். அது ஒன்றுதான் அன்றைக்கு நாங்கள் புத்தியோடு செய்த காரியம். இரண்டு பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தார்கள். "எடுக்கிற கையில ஒரு குடம் தண்ணி தூக்குங்கடா!" என்று கத்தினேன். தூக்கினார்கள். முன்பக்கம் இன்னும் தீ வரவில்லை என்று ஆளாளுக்கு உள்ளே பாய்ந்தோம். சார் மூட்டுவலியோடு ஓடி முறத்தை எடுத்தார். துணிக்கடைக்காரரும் டீக்கடைக்காரரும் வெங்காய மூட்டையை ஆளுக்கு ஒரு முனையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நான், உரித்த வெங்காயம் இருந்த கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தேன். ஏன் என்று இன்றைக்கும் என்னைக் கேட்காதீர்கள். அந்தக் கடைக்குள் எங்கள் கை பழகிய பொருள் அது ஒன்றுதான்.

தீயணைப்பு வண்டி தெருவுக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நின்றது. குழாயை இழுத்துக்கொண்டு வந்து அணைத்தார்கள். அதற்குள் ஓடெல்லாம் சடசடவென்று உள்ளே விழுந்துவிட்டது. ஆளுக்கு ஒரு சேதமும் இல்லை. ஆனால் அந்தக் கடை திரும்ப எழவே இல்லை. இன்றைக்கு அந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட செல்போன் கடை இருக்கிறது.

வண்டியோடு வந்த ஆபீசர் ரோட்டில் இருந்ததைப் பார்த்தார். மூட்டை, கூடை, முறம். "காப்பாத்துனது இவ்வளவுதானா?" என்றார்.

"ஆமாங்க."

அவரும் நம்ம ஆள்தான். தினம் காலையில் உரித்தவர். "வெங்காயமாவது தப்பிச்சுதே" என்றார். அந்த நேரத்திலும் யாரோ சிரித்துத் தொலைத்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மகனுக்குத் தகவல் போய்விட்டது. போன் வந்தது. பக்கத்தில் இருந்த எங்களுக்கும் கேட்டது. "உனக்கு ஒண்ணும் ஆகலையேம்மா? அது போதும். காலையில கார் எடுத்துட்டு வரேன். கெளம்பி இரு."

அக்கா வழக்கமான பதிலைச் சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு "ம்" என்றாள்.

துக்கம் வந்தால் அழுகிற ரகம் இல்லை நான், எரிந்து விழுகிற ரகம். அடுப்பைத் திட்டினேன், காற்றைத் திட்டினேன், அப்போதுதான் அரியலூரிலிருந்து வந்து இறங்கிய என் வீட்டுக்காரரைக் காரணமே இல்லாமல் திட்டினேன். போகாதே என்று அவளிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. எந்த முகத்தோடு சொல்வது? அறுபது வயதில் எரிந்த கடையைக் கட்டிக்கொண்டு அழு என்றா?

யாருக்கும் வீட்டுக்குப் போக மனசில்லை. என் கடை வாசலிலும் பக்கத்து வாசல்களிலும் முப்பது பேர் இருப்போம். என்ன பேசுவது என்று தெரியவில்லை. சார் மூட்டையின் வாயைப் பிரித்து ஒரு கை வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர் ஒரு கை எடுத்தார். நானும் எடுத்தேன். உரிக்க ஆரம்பித்ததும் வாய் திறந்தது. அக்கா ஒரு போலீஸ்காரரை உரிக்கவைத்த கதை, கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு உரித்த கதை என்று ஒவ்வொன்றாக வந்தது. சிரிப்பும் வந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் மூட்டை காலி.

அக்கா அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

"அடப் பாவிங்களா! அவ்வளவையுமா உரிச்சீங்க?"

கூடையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள்.

"உரிச்ச வெங்காயம் எத்தன நாளைக்குத் தாங்கும்? நாளைக்கே கொழகொழத்துப் போயிடுமே! தோலோட கெடந்தா மாசக்கணக்குல கெடக்கும். அறிவிருக்கா ஒருத்தருக்காவது? படிச்ச மனுசன் நீங்களுமா சார்?"

"கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்றார் சார்.

அந்த வசவு காதில் விழுந்ததும் எனக்குப் பாதி உயிர் திரும்பிவிட்டது. "அப்போ காலையில சாம்பார் வச்சுடு" என்றேன்.

"எங்கடி வைக்கிறது? ஒன் ஜெராக்ஸ் மெசினு மேலயா?"

என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "லாரியில தார்ப்பாய் இருக்குங்கக்கா. கடை வாசல்ல கட்டிடலாம். கோயில்ல அண்டா கேட்டா குடுப்பாங்க." அவர் வாயிலிருந்து உருப்படியாக ஒரு யோசனை வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"வெங்காயம் வீணாப் போவக் கூடாது, அதுக்காகத்தான்" என்றாள் அக்கா. "செஞ்சு எறக்கி வச்சுட்டுக் கெளம்பிடுவேன்."

விடிந்ததும் செங்கல் கூட்டி அடுப்பு மூட்டினோம். அவரவர் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்த இட்லி மாவு பாத்திரம் பாத்திரமாக வந்தது. அக்கா ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பார்த்தாள். "இது மாவா, கஞ்சியா?" "இதுல உளுந்த கண்ணுல காட்டுனதோட சரியா?" கடையில் வாங்கிய பாக்கெட் மாவை ஊற்றி நான் கொண்டுபோன பாத்திரத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஓரமாக வைத்துவிட்டாள். அதுதான் பெரிய அவமானம். ஆனால் சாம்பார் கொதித்தது பாருங்கள், தெருமுனையில் போனவர்களெல்லாம் பைக்கைத் திருப்பினார்கள். கோர்ட்டு வக்கீல் வந்தார், பஸ்காரர்கள் வந்தார்கள், தீயணைப்பு ஆபீசரும் வந்தார். பெஞ்ச் கிடையாது, வாழை இலையைக் கையில் ஏந்தி நின்றபடியே சாப்பிட்டார்கள். எரிந்த கடையின் வாசனையும் சாம்பார் வாசனையும் ஒன்றாக வந்தது. ஒருவர்கூட முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சாப்பிடவில்லை. எனக்கே அந்தச் சந்தோஷம் அதிசயமாக இருந்தது.

ஏழரை மணிக்கு மகன் வந்து சேர்ந்தான். காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. நல்ல பிள்ளை, என்ன சொல்வது.

"பையை எடுத்துக்கம்மா. வெயில் ஏறதுக்குள்ள போயிடலாம்."

என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், நான் எதையாவது பேசிவைத்துவிடுவேன் என்று. பேசத்தான் நினைத்தேன். அவர் பிடியை விடவில்லை.

அக்கா கரண்டியை அண்டாவில் வைத்தாள். எதிரே கரிந்து நின்ற சுவரைப் பார்த்தாள். வெறும் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்தாள். அப்புறம் மகனைப் பார்த்தாள்.

"எல தீந்துபோச்சுடா. இவ்வளவு பேரு பசியோட நிக்கிறாங்க. மார்க்கெட்டுக்குப் போயி எல வாங்கிட்டு வா."

அவன் திரும்பினான். கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். கடைசியில் கார்ச் சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"ரெண்டு கட்டு போதுமாம்மா?"

"இன்னிக்குப் போதும்" என்றாள் அக்கா. "நாளையிலேருந்து நாலு கட்டு வேணும்னு சொல்லி வச்சுட்டு வா."